வெயிட் தூக்கினால் கபடி உடம்பு இறுகிவிடுமா?

கேள்வி: 2025 ஜூன் 3, இரவு

அண்ணே, எனக்கு 20 வயது. ஊர் பட்டுக்கோட்டை பக்கம். டீமில் ரைடு போகிறவன். நாலு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன், 61 கிலோவிலிருந்து 66 ஆகிவிட்டேன். "பாரம் தூக்கினால் உடம்பு இறுகிவிடும், வளைந்து கொடுக்காது, ஆட்டம் போய்விடும். தண்டால், பஸ்கியோடு நிறுத்திக்கொள்" என்கிறார் எங்கள் டீம் மூத்தவர். ஜிம் மாஸ்டரோ அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? போன வாரம் கால் நீட்டித் தொடப் போனபோது பின்தொடை பிடித்துக்கொண்டது. அதிலிருந்து மூத்தவர் சொல்வதுதான் சரியோ என்று பயமாக இருக்கிறது.

ஜூன் 4, காலை

தம்பி, உங்கள் மூத்தவர் பார்த்தது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தப்பு. இதை நான் என் உடம்பிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு 43 வயது. மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவில் எங்கள் ஊர். 19 வயதில் 62 கிலோ இருந்தேன், இடது பக்கம் ரைடு. அப்புறம் டவுனில் ஒரு ஜிம்மில் சேர்ந்து இரண்டு வருடத்தில் 74 கிலோ. சட்டை கை இறுகியது, ஊரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். களத்தில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேர் கை கோத்து மடக்க வரும்போது சங்கிலிக்கு அடியில் நுழைந்து வெளியே வருவேன். அதுதான் என் ஆட்டம். அந்த இறக்கம் வரவே இல்லை. பாதி குனிந்ததும் இடுப்பு நின்றுவிட்டது. 24 வயதில் டீமில் இடம் போயிற்று. அதற்கப்புறம் பத்து வருடம் நானும் உங்கள் மூத்தவர் சொன்னதையே சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அதே ஊரில் பையன்களுக்கு பார்பெல் சொல்லித் தருகிறேன். ஏன் மாறினேன் என்று ராத்திரி எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

ஜூன் 4, இரவு

அந்த இரண்டு வருடம் ஜிம்மில் நான் செய்ததைச் சொல்கிறேன். பெஞ்சில் படுத்துக் கம்பியை மேலே தள்ளுவது, கைக்கு டம்பெல், உட்கார்ந்தபடி கால் நீட்டும் மெஷின். ஸ்குவாட் என்ற பெயரில் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு நாற்காலி உயரம்கூட இறங்காமல் எழுவது. பாரத்தை ஏற்றிக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் இறக்கம் குறைந்துகொண்டே போனது. இதோடு கபடிப் பயிற்சியை வாரத்தில் ஆறு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டேன். ஜிம்முக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்து உடம்பு ஈடுகொடுக்கவில்லை.

எந்தக் கோணத்தில் பாரம் தாங்கப் பழக்குகிறோமோ அந்தக் கோணத்தில்தான் பலம் அதிகம் ஏறும். பாதி இறங்கிப் பழகியவனுக்குப் பாதி வரைதான் பலம். அதற்குக் கீழே பலம் இல்லாததால் உடம்பு அங்கே போகப் பயப்படும். அந்தப் பயத்தைத்தான் "இறுகிவிட்டது" என்கிறோம். சதை கூடியதால் வந்த இறுக்கம் அதில் கொஞ்சம்தான்.

முழு இறக்கத்தில் பாரம் தூக்குபவர்களையும் ஸ்ட்ரெச்சிங் மட்டும் செய்பவர்களையும் ஒப்பிட்டு நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மூட்டு வளைகிற அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கூடுகிறது. பாரம் தூக்குவதே ஒரு நீட்டல்தான், முழுசாக இறங்கினால்.

ஜூன் 6

வெயிட்லிஃப்டிங்காரர்களைப் பார்த்தால் இது இன்னும் புரியும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நயிம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார், உடம்பு எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல். கம்பியைத் தோளில் வாங்கும்போது பிருஷ்டம் குதிகாலைத் தொடுகிற அளவுக்குக் குந்தியிருப்பார். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். ஸ்னாட்ச்சில் கை இரண்டையும் விரித்து, பாரத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி அடிவரை குந்தி எழ வேண்டும். தோள், இடுப்பு, கணுக்கால் மூன்றில் ஒன்று இறுகியிருந்தாலும் கம்பி முன்னால் விழுந்துவிடும். அவர்களைவிடச் சதைப்பிடிப்புள்ள கால் யாருக்கு இருக்கிறது?

ஜூன் 8, ஞாயிறு

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: "நம் தாத்தாக்கள் ஜிம் எங்கே போனார்கள்? நடவும் மூட்டையும்தானே." சரிதான். ஆனால் மூட்டை பாரம் இல்லையா?

என் அப்பா அரிசி ஆலையில் லோடுமேன். 75 கிலோ மூட்டை. சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோகும்போது நின்று பார்ப்பேன். லாரி ஓரமாக முதுகைக் கொடுத்து நிற்பார். மேலே இருப்பவர் கொக்கியால் இழுத்து மூட்டையைச் சரிப்பார். அது முதுகில் உட்காருகிற நொடியில் அப்பாவின் முழங்கால் ஒரு விரற்கடை மடங்கும், மூச்சு அடிவயிற்றில் நிற்கும், இடுப்பு மட்டும் பின்னால் போகும். முதுகு வளையாது. மூட்டை அசையாமல் நின்ற பிறகுதான் முதல் அடி எடுத்து வைப்பார். பின்னாளில் டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் கம்பியை இடுப்பு வரை தூக்கி நிமிர்வது, கற்றுக்கொடுத்தவர் "மூச்சைக் கட்டு, இடுப்பைப் பின்னால் தள்ளு" என்றபோது எனக்கு அந்த லாரிதான் ஞாபகம் வந்தது.

இன்று அவருக்கு 74. திண்ணையில் உட்காராமல் தரையில் குந்தி உட்கார்ந்துதான் வெற்றிலை போடுவார், குதிகால் முழுசாகத் தரையில். நாற்பது வருடம் பாரம் சுமந்த உடம்பு அது.

நடவுக்குப் போகிற எங்கள் அத்தையும் அப்படியே. இடது கையில் நாற்றுமுடி, முழங்கால் லேசாகத் தளர்ந்து, இடுப்பில் இரண்டாக மடிந்து, பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே விரலால் ஊன்றுவார். அந்தப் பின்தொடை நீட்டம் நம் ரைடர் ஒருவனுக்கும் கிடையாது.

ஜூன் 9

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். பதிவை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "வளையுதுன்னு எழுதினியே, ராத்திரி படுத்தா திரும்ப முடியலேன்னு எழுதினியா?" என்று கேட்டார். எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். ஒரே நிலையில் ஆறு மணி நேரம் குனிந்து நிற்பது பயிற்சி ஆகாது. நமக்கு ஐந்து தடவை தூக்கி மூன்று நிமிடம் உட்கார இடம் இருக்கிறது, அடுத்த நாள் ஓய்வு இருக்கிறது, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ள முடிகிறது. வயலில் வேலைதான் அளவை முடிவு செய்கிறது. அப்பாவுக்கும் வலது தோள்பட்டை மேலே ஏறாது. கஷ்டப்பட்ட உடம்பைப் புகழ்ந்து எழுதும்போது வலியை விட்டுவிடக் கூடாது.

ஜூன் 15

இன்று கல்லணை திறந்துவிட்டார்கள். மேட்டூர் 12ஆம் தேதியே திறந்தாயிற்று. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் சில நாள் ஆகும். வந்துவிட்டால் பையன்களில் பாதிப் பேர் குறுவை வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் கேள்விக்கு வருகிறேன்.

தம்பி, உங்கள் பின்தொடை விஷயம். அது முக்கியம்.

கால் நீட்டித் தொடும்போது பின்தொடைத் தசை நீண்டுகொண்டே இருக்கும், அதே நேரம் காலை அது இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். நீளும்போதே வேலை செய்கிற அந்த நொடியில்தான் கிழியும். குனிந்து கால் விரலைத் தொடுகிற ஸ்ட்ரெச் மட்டும் செய்தால் நீளம் பழகும், நீண்ட நிலையில் பலம் வராது. ஜிம்மில் படுத்துக்கொண்டு கால் மடக்கும் மெஷின் மட்டும் செய்தால் பலம் வரும், இடுப்பு மடிந்து முழுசாக நீண்ட நிலையில் அது பழக்கமாகாது. இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும்.

அதற்கு இரண்டு பயிற்சி. ஒன்று ரோமானியன் டெட்லிஃப்ட். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, கம்பியைத் தொடையோடு உரசியபடி மெதுவாக இறக்குவது. அத்தையின் நடவு நிலைதான், முதுகு மட்டும் நேர். இன்னொன்று நார்டிக். முழங்காலுக்குக் கீழே வைக்கோல் திணித்த சாக்கைப் போட்டு மண்டியிட்டு, கணுக்காலை ஒருவன் அழுத்திப் பிடிக்க, உடம்பைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் சாய்வது. கால்பந்துக்காரர்களிடம் செய்து பார்த்ததில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இப்படி நீட்டியபடியே பாரம் தாங்கும்போது தசை இழையே நீளமாகிறது என்பதையும் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

முதல் நாள் மூன்று தடவை போதும். அடுத்த இரண்டு நாள் உட்கார்ந்து எழுவதே கஷ்டமாக இருக்கும். பயப்பட வேண்டாம், அது தானாகப் போய்விடும். ஆனால் இப்போது உங்களுக்குப் பிடித்திருப்பது முழுசாக ஆறிய பிறகுதான் இதெல்லாம். நடக்கும்போதே சுருக்கென்று குத்தினால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

ஜூன் 16

ஆட்டத்துக்கு முன்னால் ஸ்ட்ரெச்சிங்கே கூடாது, பலம் குறையும் என்று போன வருடம் எங்கள் பையன்களிடம் சொல்லியிருந்தேன். நான் சொன்னதாக அதை ஒருவர் இங்கே வந்து எழுதியிருக்கிறார். அது முழுசாகச் சரியில்லை. ஒரு தசையை 60 வினாடிக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே குதித்தாலோ ஓடினாலோ வேகம் கொஞ்சம் குறையும். 20, 30 வினாடி பிடித்துவிட்டு, அப்புறம் நன்றாக ஓடி, கால் வீசி, இரண்டு மூன்று பொய் ரைடு போய் உடம்பைச் சூடாக்கிக்கொண்டால் ஒரு குறையும் வராது. நீளமாகப் பிடிக்கிற ஸ்ட்ரெச்சை ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 22

எடை. நான் 12 கிலோ ஏறினதில் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. பழைய போட்டோவில் இடுப்பைப் பார்த்தால் தெரிகிறது, பாதிக்கு மேல் சதை இல்லை. காலையில் எட்டு வாழைப்பழம், டப்பாவில் வரும் மாவு, ராத்திரி பரோட்டா. மொத்தத்தையும் சுமந்துகொண்டுதான் ரைடு போனேன்.

சதை பருமன் கூடினால் பலம் கூடும், உண்மை. ஆனால் அதே வேகத்தில் கூடாது. பலம் தசையின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எடை மொத்தக் கன அளவைப் பொறுத்தது. அதனால்தான் சின்ன உடம்புக்காரர்கள் தங்கள் எடையைப் போல மூன்று மடங்கு தூக்குகிறார்கள், பெரிய உடம்புக்காரர்களால் முடிவதில்லை. பிடிக்கிறவனுக்கு எடை உதவும். கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்து இழுக்க 80 கிலோ நல்லது. ரைடருக்கு 30 வினாடிக்குள் போய்த் தொட்டுத் திரும்ப வேண்டும், ஒவ்வொரு கிலோவுக்கும் வேலை இருக்க வேண்டும்.

நம் பக்கத்து டோர்னமெண்ட் பலதும் எடைப் பிரிவில்தான் நடக்கிறது. 65 கிலோ ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு 67 இருக்கிற பையன் முதல் நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிகிறது எனக்கு. தம்பி, நீங்கள் 66 என்கிறீர்கள். எந்தப் பிரிவு ஆடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எடை ஏறாமல் பலம் மட்டும் ஏற்றலாம். ஆரம்ப வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பகுதி நரம்பு பழகுவதால் வருவது, சதை அப்புறம்தான் சேரும். மூன்றிலிருந்து ஐந்து தடவை தூக்குகிற மாதிரி கனமாக வைத்து, நடுவில் நன்றாக ஓய்வெடுத்து, சாப்பாட்டை இப்போது இருக்கிற அளவிலேயே வைத்துக்கொண்டால் போதும்.

ஜூன் 23

சாப்பாடு பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக: சதை சேர உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும், 65 கிலோவுக்கு 104 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், கால் லிட்டர் பாலில் 8, நூறு கிராம் வேர்க்கடலையில் 25. கூடவே மீனோ கருவாடோ கோழியோ ஒரு வேளை இருந்தால் டப்பா மாவு வாங்கக் காசு கொடுக்கத் தேவையில்லை. பழைய சோற்றை விடச் சொல்லவில்லை, பக்கத்தில் இரண்டு முட்டையை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஜூலை 2

இங்கே ஒரு மாதமாக "வளைய வேண்டும், வளைய வேண்டும்" என்றே எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்தபோது ஒரு பக்கமாகப் போய்விட்டது என்று தோன்றியது. விறைப்பும் வேண்டும்.

கெண்டைக்காலைக் குதிகாலோடு கட்டுகிற தசைநாணைப் பாருங்கள். ஓடும்போது அது ஸ்பிரிங் மாதிரி. தொளதொள என்று இருந்தால் தரையில் மிதித்த வேகம் திரும்ப வராது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களில் உடம்பு ரொம்ப வளையாதவர்களுக்கு அதே வேகத்துக்குச் செலவாகிற மூச்சு குறைவாக இருப்பதைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு எவ்வளவு வளைவு வேண்டுமோ அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பு இருந்தால் சரி. ரைடருக்கு இடுப்பும் பின்தொடையும் நிறைய வேண்டும், முழங்கால் பக்கவாட்டில் கொஞ்சம்கூட ஆடக் கூடாது.

கும்பகோணத்தில் பரதம் சொல்லித் தருகிற ஒரு அக்காவிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "அரைமண்டியில உட்கார வளைவு போதும், அங்கேயே நின்னு ஆடத்தான் தொடையில பலம் வேணும். பலமில்லாத பிள்ளை முழங்காலை உள்ளே விட்டுடும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். சில பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு அமைப்பே அதற்கு மேல் திரும்பாது, எவ்வளவு அழுத்தினாலும் வலிதான் மிஞ்சும். இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எலும்பு முட்டுகிற இடத்தில் "இன்னும் இறங்கு" என்று நானும் ஒரு பையனை அழுத்தியிருக்கிறேன். இப்போது காலை அகட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன், வலியில்லாமல் இறங்குகிறான்.

ஜூலை 13

பம்புசெட் கொட்டகையில்தான் இப்போது பயிற்சி, களம் சேறாகிவிட்டது. கார்னர் ஆடுகிற ஒரு பையன் ஸ்குவாட்டில் குதிகாலைத் தூக்கிவிடுவான். இடுப்பு இறுக்கம் என்றே ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூன் 8ஆம் தேதி சுவர் ஓரமாக நிற்க வைத்து, குதிகால் தரையை விடாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்லி, கட்டை விரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தேன். இடது கால் 10 செ.மீ. வலது 5. மூன்று வருடம் முன்பு வலது கணுக்கால் சுளுக்கி, எண்ணெய் போட்டுக் கட்டிவிட்டு ஆடினானாம். இறுக்கம் அங்கே இருந்திருக்கிறது, அதற்கு நான் இடுப்பை இழுத்துக்கொண்டிருந்தேன்.

வெறும் 20 கிலோ கம்பி. குதிகாலுக்குக் கீழே இரண்டு சின்னப் பிளேட். அடிவரை குந்தி ஐந்து வினாடி நின்று எழுவது. பிறகு ஒரு படியில் நுனிக்காலால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி, கெண்டைக்கால் முழுசாக நீண்டதும் ஏறுவது. வாரம் மூன்று நாள். நேற்று அளந்தேன், 7.5. பிளேட்டில் ஒன்றை எடுத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 4

ஆடிப்பெருக்குக்கு ஊரில் சின்ன டோர்னமெண்ட். கேள்வி கேட்ட தம்பி அவருடைய டீமோடு வந்திருந்தார். நேரில் பார்த்தோம். கூடவே அந்த மூத்தவரும். அவருக்கு 50 இருக்கும், இன்னும் ஒடிசல் உடம்பு. சங்கிலிக்கு அடியில் நுழைவது எப்படி என்று மரத்தடியில் இரண்டு பேரும் செய்து பார்த்துக்கொண்டோம். அவர் ஒன்று சொன்னார், அது எனக்குத் தோன்றாத விஷயம்: "பாரம் தூக்கினவன் எல்லாத்துக்கும் பலத்தையே நம்புறான் தம்பி. பிடிச்சா இழுத்துக்கிட்டு வந்துடலாம்னு நினைக்கிறான். வளையறதுக்கு முன்னாடியே முட்டுறான்." என் 24 வயது ஆட்டத்தை அவர் பார்த்த மாதிரி இருந்தது. இடுப்பு நின்றது உண்மை. அதற்கு முன்னால் புத்தி முட்டப் போனதும் உண்மை. ஜூன் 4ஆம் தேதி எழுதிய காரணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

தம்பி மூன்று ரைடில் இரண்டில் தொட்டார், ஒன்றில் பிடிபட்டார். பின்தொடை தொந்தரவில்லை என்றார்.

ஆகஸ்ட் 17

தம்பி கேட்ட வார அட்டவணை. செவ்வாய், வெள்ளி பாரம்: முழு ஸ்குவாட் ஐந்து தடவை மூன்று செட், ரோமானியன் டெட்லிஃப்ட் ஆறு தடவை மூன்று செட், கம்பியில் தொங்கி ஏறுவது, கடைசியில் நார்டிக் நாலு தடவை இரண்டு செட். தண்டாலை விடவேண்டாம், மூத்தவர் சொன்ன பஸ்கியை வார்ம் அப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டப் பயிற்சி நாலு நாள், அதைக் குறைக்கவே குறைக்காதீர்கள். மேட்ச் இருக்கிற வாரத்தில் வெள்ளிக்கிழமை பாரத்தைப் பாதியாக்கி, நார்டிக்கை விட்டுவிடுங்கள்.

கார்னர் பையனின் வலது கணுக்கால் இன்று 9 செ.மீ. மீதிப் பிளேட்டையும் எடுத்தாயிற்று. ஜூலை 13 பதிவில் வாரம் மூன்று நாள் என்று எழுதியிருந்தேன். அவன் நோட்டைப் பார்த்தால் பல வாரம் இரண்டு நாள்தான் வந்திருக்கிறான், நடவு வேலை.